ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுதுவது எப்படி: தென்சென்னையை முன்வைத்து

நங்கநல்லூரில் இருக்கும் எங்கள் வீடு நாற்பது ஆண்டுகளாக இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. 2004 மக்களவைத் தேர்தலில் அந்த வீட்டிலிருந்து நடந்துபோய் வாக்களித்த என் தந்தையார் தென்சென்னையின் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார். 2009இல் அதே வீட்டிலிருந்து போய் வாக்களித்தபோது ஸ்ரீபெரும்புதூரின் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார். "வீடு மாறாமலே ஊர் மாறிட்டேன்" என்று அவர் அன்று சொன்னதை வேடிக்கையாகக் கேட்டுவிட்டு மறந்துபோனேன். சில ஆண்டுகள் கழித்து, குடியிருப்போர் சங்க மலருக்காகத் தென்சென்னையின் தேர்தல் வரலாற்றை எழுத உட்கார்ந்து, 2004 வாக்குகளையும் 2009 வாக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ஐந்தே ஆண்டுகளில் தி.மு.க.வின் கோட்டை சரிந்தது" என்று ஒரு பத்தியை எழுதி அச்சுக்கும் கொடுத்துவிட்டேன். மலர் வந்த மறுநாள், ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் என்னை அழைத்து, "தம்பி, நீங்க ஒப்பிட்டது ரெண்டும் ஒரே தொகுதியா?" என்று மட்டும் கேட்டார். இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

பெயர்ப் பட்டியலுக்கு முன்னால் வரைபடம்

தொகுதி வரலாறு எழுத முனைபவர்கள் பெரும்பாலும் வென்றவர்களின் பெயர்ப் பட்டியலை முதலில் தயாரிக்கிறார்கள். அதை இரண்டாவது வேலையாகத் தள்ளி வைத்து, தொகுதி மறுவரையறை ஆணைகளை, அதாவது தொகுதிகளின் எல்லைகளைத் திருத்தி வெளியிடப்படும் ஆணைகளை, முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேர்தல் எந்த ஆணையின்படி நடந்தது என்பதைக் குறித்துக்கொண்டால், சென்னையின் மக்களவை வரலாறு தானாகவே ஐந்து காலக்கூறுகளாகப் பிரிந்து நிற்கும். 1952இல் மாநகருக்கு 'மெட்ராஸ்' என்ற ஒரே தொகுதி இருந்தது. 1957இல் அது வடக்கு, தெற்கு என இரண்டாயிற்று. 1962 தேர்தலும் அந்த ஏற்பாட்டிலேயே நடந்தது. மாநிலத்தின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39 ஆகக் குறைந்த 1967ஆம் ஆண்டுத் தேர்தலும் 1971ஆம் ஆண்டுத் தேர்தலும் மூன்றாவது கூறு. மத்திய சென்னை உருவாகி, மாநகருக்கு மூன்று தொகுதிகள் என்றான 1977 முதல் 2004 வரையிலான ஒன்பது தேர்தல்கள் நான்காவது கூறு. 2008ஆம் ஆண்டு ஆணைக்குப் பிந்தைய 2009, 2014, 2019, 2024 ஆகிய நான்கும் ஐந்தாவது.

நான்காவது கூறு ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்கத் தோன்றும். 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி போடப்பட்ட 1976ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு, அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் இடங்களின் எண்ணிக்கையை உறைய வைத்துவிட்டது. 2001 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு 2008இல் எல்லைகள் மட்டும் திருத்தப்பட்டன. மாநிலத்தின் 39 இடங்கள் 39 ஆகவே நின்றன. ஆகவே 1977க்கும் 2004க்கும் இடையில் வரும் தேர்தல்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். 2009க்குப் பிந்தையவற்றைத் தங்களுக்குள் ஒப்பிடலாம். இந்தக் கோட்டைத் தாண்டி வாக்கு எண்ணிக்கைகளை ஒப்பிட்டால், நான் பட்ட பாட்டைத்தான் நீங்களும் படுவீர்கள்.

2008க்கு முந்தைய தென்சென்னையில் ஆலந்தூரும் (எங்கள் நங்கநல்லூர் அதில்தான்) தாம்பரமும் இருந்தன. அவை இரண்டும் ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்விட்டன. இன்றைய தென்சென்னை விருகம்பாக்கம், சைதாப்பேட்டை, தியாகராய நகர், மயிலாப்பூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது. இவற்றில் விருகம்பாக்கம், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் ஆகிய மூன்றும் 2008 ஆணையால் புதிதாகப் பிறந்தவை. சட்டமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 2011இல்தான் அவற்றுக்குக் கிடைத்தது என்பதால், அந்தப் பெயர்களில் நடந்த முதல் வாக்குப்பதிவே 2009 மக்களவைத் தேர்தல்தான். பெயர் மாறாத சைதாப்பேட்டை, மயிலாப்பூர் போன்றவற்றின் தெருக்களும் அப்படியே இருந்துவிடவில்லை. இதை ஓர் அடிக்குறிப்பில் ஒளித்து வைக்காமல் அட்டவணையிலேயே ஒரு தடித்த கோடாகப் போட்டுவிடுங்கள்.

எல்லை மாற்றத்தைப் படித்துவிட்டு வேட்பாளர்களைப் பார்த்தால் சில நகர்வுகளுக்குப் பொருள் புரியும். 1996, 1998, 1999, 2004 என்று தொடர்ந்து நான்கு முறை தென்சென்னையில் வென்ற டி.ஆர்.பாலு, 2009இல் ஸ்ரீபெரும்புதூரில் நின்று வென்றார். அதுவரை தனித்தொகுதியாக இருந்த ஸ்ரீபெரும்புதூர் அந்தத் தேர்தலில்தான் பொதுத்தொகுதியாயிற்று. தொகுதியை விட்டு விலகினார் என்று எழுதுவதைவிட, தம் பழைய வாக்காளர்களில் ஒரு பகுதியினர் போன இடத்துக்குப் போனார் என்று எழுதுவது என் கணிப்பில் உண்மைக்கு நெருக்கமானது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை உறுப்பினர் மாறவே இல்லை.

வென்றவர்களின் வரிசையும் அதிலுள்ள பொத்தல்களும்

வரைபடம் தயாரான பிறகு பெயர்களுக்கு வரலாம். தென்சென்னையின் முதல் உறுப்பினர் 1957இல் வென்ற டி.டி.கிருஷ்ணமாச்சாரி, 1952இல் ஒன்றாயிருந்த மெட்ராஸ் தொகுதியிலும் வென்றவர் அவரே. 1962இல் தி.மு.க.வின் நாஞ்சில் மனோகரன், 1967இல் அண்ணா, 1971இல் முரசொலி மாறன், 1977இலும் 1980இலும் ஆர்.வெங்கட்ராமன், 1984இலும் 1989இலும் வைஜெயந்திமாலா பாலி, 1991இல் அ.தி.மு.க.வின் ஆர்.ஸ்ரீதரன், பின்பு நான்கு முறை பாலு, 2009இல் சி.ராஜேந்திரன், 2014இல் ஜெ.ஜெயவர்தன், 2019இலும் 2024இலும் தமிழச்சி தங்கபாண்டியன்.

தேர்தல் ஆணையத்தின் பொதுத்தேர்தல் அறிக்கைகளை மட்டும் வைத்து எழுதினால் இந்த வரிசை இப்படியே முடிந்துவிடும். அதில் ஒரு பிழையும் தங்கிவிடும். 1967இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அண்ணா மார்ச் 6 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்று, மாநிலச் சட்ட மேலவை உறுப்பினராகி, மக்களவை இடத்தைத் துறந்தார். அதே ஆண்டு நடந்த இடைத்தேர்தலில் வென்று மாறன் தில்லி சென்றார். பொதுத்தேர்தல் புள்ளிவிவர அறிக்கையில் இடைத்தேர்தல் இடம்பெறாது என்பதால், அந்த அறிக்கையை நம்பியவர்கள் மாறனின் மக்களவை வாழ்வை 1971இல் தொடங்கி வைக்கிறார்கள். ஒவ்வொரு மக்களவைக்கும் வெளியிடப்படும் உறுப்பினர் குறிப்புகளோடு அறிக்கையை ஒத்துப் பார்த்தால் இந்தப் பிழை நேராது.

இடம் காலியாகியும் இடைத்தேர்தல் நடவாத வேளைகளும் உண்டு. 1984 ஆகஸ்டு இறுதியில் வெங்கட்ராமன் குடியரசுத் துணைத் தலைவரானார். டிசம்பரில் பொதுத்தேர்தலே வந்துவிட்டது. வடசென்னையில் என்.வி.என்.சோமு 1997 நவம்பரில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோதும், மத்திய சென்னையில் முரசொலி மாறன் 2003 நவம்பரில் மறைந்தபோதும் மக்களவை சில வாரங்களிலேயே கலைக்கப்பட்டது. இத்தகைய இடைவெளிகளை 'காலி' என்று தேதியோடு எழுதுங்கள். அடுத்தவரின் பெயரை முன்னால் இழுத்து நிரப்பிவிடாதீர்கள்.

பெயர்களில் இன்னும் சில கண்ணிகள் இருக்கின்றன. ஆணையத்தின் ஆவணங்களில் தமிழச்சி தங்கபாண்டியனைத் தேடுபவர் 'த.சுமதி' என்ற பெயரில் தேட வேண்டும். 1962இல் தென்சென்னையிலும் 1967, 1971இல் வடசென்னையிலும் வென்ற மனோகரன் ஒருவரே. முன்னெழுத்தோடு ஓரிடத்திலும் 'நாஞ்சில்' அடைமொழியோடு வேறிடத்திலும் வருவதால் இருவரோ என்று மயங்க வேண்டியதில்லை. மாறாக, 1980இலும் 1984இலும் மத்திய சென்னையில் வென்ற ஏ.கலாநிதியும், 2019இலும் 2024இலும் வடசென்னையில் வென்ற கலாநிதி வீராசாமியும் வேறு வேறு ஆட்கள். தொகுதியின் பெயரும் அப்படித்தான்: மாநகர் 1996இலேயே சென்னை ஆகிவிட்டபோதிலும், தேர்தல் ஆவணங்களில் 2004 வரை 'மெட்ராஸ் தெற்கு' என்றே இருந்தது. வரிசை எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடலாம் என்றால், வடசென்னை 1இலிருந்து 2 ஆகவும் மத்திய சென்னை 2இலிருந்து 4 ஆகவும் மாறியிருக்கின்றன. நல்ல வேளையாகத் தென்சென்னை மட்டும் 3 ஆகவே இருக்கிறது.

கூட்டணி என்ற தனிப் பத்தி

அட்டவணையில் 'கட்சி' என்று ஒரு பத்தி இருந்தால் அதன் பக்கத்தில் 'யாரோடு' என்று இன்னொரு பத்தி கட்டாயம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுத் தொகுதிகளின் வரலாற்றில் பாதிக்கு மேல் அந்தப் பத்தியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வெங்கட்ராமன் 1977இலும் 1980இலும் காங்கிரசுக்காகத் தென்சென்னையில் வென்றார் என்ற வரியைப் படிப்பவர், ஒரே ஆதரவுத்தளம் இரண்டு முறை அவரைத் தேர்ந்தெடுத்தது என்றே எண்ணுவார். 1977இல் அவர் அ.தி.மு.க.வோடு சேர்ந்து நின்று தி.மு.க.வின் முரசொலி மாறனைத் தோற்கடித்தார், 1980இல் தி.மு.க.வோடு சேர்ந்து நின்று அ.தி.மு.க. அணியைத் தோற்கடித்தார். ஆள் ஒருவர், சின்னத்தைத் தாங்கிய கட்சியும் ஒன்று, உடன் நின்ற வாக்குகளோ நேர் எதிரானவை.

பாலுவின் நான்கு வெற்றிகளையும் இதே கண்ணாடியால் பாருங்கள். 1996இலும் 1998இலும் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் துணை நின்றது, 1998இல் பா.ஜ.க. எதிரணியில், அ.தி.மு.க.வுடன் இருந்தது. அடுத்த ஆண்டே வந்த 1999 தேர்தலில் அதே பா.ஜ.க. தி.மு.க. அணியில் இருந்தது. 2004இல் அந்த இடத்துக்குக் காங்கிரஸ் வந்தது. 'நான்கு தொடர் வெற்றிகள்' என்று எழுதுவது சரியே. 'அசையாத வாக்கு வங்கி' என்று எழுதுவதற்கு இந்த எண்கள் சான்றாகா.

மாநில அலை என்ற சொல்லையும் பக்கத்துத் தொகுதிகளை வைத்து உரசிப் பார்த்தபின் பயன்படுத்துங்கள். 1984இல் காங்கிரஸ், அ.தி.மு.க. கூட்டணி மாநிலத்தின் 39 இடங்களில் 37ஐ அள்ளியது. தி.மு.க.வுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. அவை வடசென்னையும் மத்திய சென்னையும். அதே நாளில் தென்சென்னை, ஜனதா கட்சியின் இரா.செழியனை விடுத்து வைஜெயந்திமாலாவைத் தேர்ந்தெடுத்தது. 2009இல் இது திரும்ப நடந்தது: வடக்கும் மத்தியும் தி.மு.க.வுக்கு, தெற்கு மட்டும் அ.தி.மு.க.வுக்கு. மூன்று தொகுதிகளையும் அருகருகே வைக்காமல் ஒன்றை மட்டும் எழுதியிருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது.

சின்னமும் கட்சியும் ஒன்றல்ல என்பதற்கு வடசென்னையில் 1989இலும் 1991இலும் வென்ற தா.பாண்டியன் எடுத்துக்காட்டு. அறிக்கையில் அவர் காங்கிரஸ் உறுப்பினராகத் தெரிவார். உண்மையில் அவர் அப்போது ஐக்கிய கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர்களில் ஒருவர், கை சின்னத்தில் நின்றவர்.

எண்களைக் கையாளுதல்

வாக்கு வித்தியாசம் என்பது செய்தித்தாள் தலைப்புக்கு ஏற்ற எண்; வரலாற்றுக்கு அது மட்டும் போதாது. தென்சென்னையின் கடைசி இரண்டு தேர்தல்களை எடுத்துக்கொண்டு ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போம். 2019இல் தமிழச்சி தங்கபாண்டியன் 5,64,872 வாக்குகளும் ஜெயவர்தன் 3,02,649 வாக்குகளும் பெற்றார்கள், வித்தியாசம் 2,62,223. 2024இல் அவர் 5,16,628 வாக்குகள் பெற, இரண்டாமிடத்தில் பா.ஜ.க.வின் தமிழிசை சௌந்தரராஜன் 2,90,683 வாக்குகள் பெற்றார், வித்தியாசம் 2,25,945. வித்தியாசத்தை மட்டும் பார்ப்பவர் "சற்றே குறைந்தது" என்று எழுதி நகர்ந்துவிடுவார். ஆனால் 2019இல் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் ஓரணியில் இருந்தன, 2024இல் தனித்தனியாக நின்றன. மூன்றாமிடத்துக்குப் போன ஜெயவர்தனின் ஏறத்தாழ 1,72,000 வாக்குகளைத் தமிழிசையின் வாக்குகளோடு கூட்டினால் 4,63,000 அருகில் வருகிறது. கூட்டினாலும் வென்றவரை எட்டவில்லை; எனினும் இரண்டேகால் லட்சம் என்ற இடைவெளி ஐம்பதாயிரம் சொச்சமாகச் சுருங்குகிறது. கட்சிகள் சேர்ந்தால் வாக்குகளும் அப்படியே சேரும் என்று யாரும் உறுதி கூற முடியாது என்பதையும் அதே பத்தியில் எழுதிவிட வேண்டும்.

விழுக்காடு எழுதும்போது எதன் விழுக்காடு என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். 2024இல் தென்சென்னையின் வாக்காளர் பட்டியலில் 20 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் இருந்தார்கள். வாக்குப்பதிவு 54 விழுக்காட்டை ஒட்டி நின்றது. வென்றவர் பெற்றது பதிவான வாக்குகளில் ஏறத்தாழ 47 விழுக்காடு, பட்டியலில் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மூன்று எண்களுமே மெய். ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டால் மூன்று வெவ்வேறு கதைகள் கிடைக்கும். 2014 முதல் மக்களவைத் தேர்தல்களில் நோட்டா வந்துவிட்டதால், அதைச் சேர்த்துக் கணக்கிட்டதா சேர்க்காமல் கணக்கிட்டதா என்பதும் முக்கியம். டெபாசிட் தப்புவதற்குத் தேவையான ஆறில் ஒரு பங்கு, செல்லத்தக்க வாக்குகளைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. நோட்டா அதில் சேராது.

1984க்கும் 1989க்கும் இடையில் வாக்காளர் எண்ணிக்கை குதித்திருப்பதைக் கண்டு குடியேற்றத்தின் மேல் பழியைப் போட்டுவிடக் கூடாது. 61ஆவது திருத்தம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18 ஆகக் குறைத்தது 1989 மார்ச்சில். சோழிங்கநல்லூர்ப் பக்கத்து வளர்ச்சியோ மெய்யான குடியேற்றம். பழைய மகாபலிபுரம் சாலையில் அடுக்ககங்கள் எழ எழ, 2024இல் அந்த ஒரு சட்டமன்றத் தொகுதியின் பட்டியலில் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். தியாகராய நகர் மூன்று லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஆகவே இன்று 'தென்சென்னையின் போக்கு' என்று சொல்வதில் பெரும்பகுதி சோழிங்கநல்லூரின் போக்காகவே இருக்கும்.

படிவம் 20ஐப் படிக்கும் முறை

தொகுதிக்குள் இறங்கிப் பார்க்க உதவுவது படிவம் 20 எனப்படும் இறுதி முடிவுத் தாள். அண்மைத் தேர்தல்களுக்கு மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் சட்டமன்றத் தொகுதிவாரியாகக் கிடைக்கும். இடது ஓரத்தில் வாக்குச்சாவடி எண், அதற்கு வலப்புறம் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி, பிறகு செல்லத்தக்க வாக்குகளின் கூட்டல், நோட்டா, மொத்தம் என்று தாள் நீளும். நாற்பது பேர் அளவில் போட்டியிடும் தென்சென்னையில் ஒரு வரி இரண்டு மூன்று தாள்களுக்கு ஓடுவதால், அச்சிட்டு ஒட்டி, ஓர் அளவுகோலை வரிக்கடியில் வைத்துப் படிப்பதே எனக்குச் சரிப்பட்டு வந்தது. மங்கலாக ஸ்கேன் செய்த தாள்களில் 3க்கும் 8க்கும் வேறுபாடு தெரியாது. அத்தகைய இடத்தில் வரியின் கூட்டலையும் பத்தியின் கூட்டலையும் ஒருங்கே போட்டுப் பார்த்தால் எண் தானாக வெளிப்படும். நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒரே ஓர் எட்டுக்காகச் செலவழித்திருக்கிறேன்.

ஆறு சட்டமன்றத் தொகுதிகளையும் கூட்டிய பிறகும் அறிவிக்கப்பட்ட முடிவோடு கணக்கு ஒத்துப் போகாவிட்டால் பதற வேண்டாம். தபால் வாக்குகள் மக்களவைத் தொகுதி அளவில் தனியாக எண்ணப்பட்டு இறுதியில் சேர்க்கப்படுகின்றன. வாக்குச்சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும் என்பதால், எண்ணைக் கொண்டு ஒப்பிடாமல் சாவடி அமைந்த பள்ளியையும் அதற்குரிய தெருக்களையும் கொண்டு ஒப்பிட வேண்டும்.

பழைய தேர்தல்களுக்கு எங்கே போவது

1951–52 முதல் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கை இருக்கிறது, அதுவே முதுகெலும்பு. கூட்டணி, பிரசாரம், வேட்பாளர் மாற்றம் ஆகியவற்றுக்கு நாளிதழ்களை நாட வேண்டும். எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் ஒரே நாளில் இரண்டுக்கும் போய்வரக்கூடிய தொலைவில் இருக்கின்றன. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் தென்சென்னைத் தொகுதிக்குள்ளேயே அமைந்தவை. நாளிதழைப் பார்க்கும்போது வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாள் இதழோடு நிறுத்திவிடாதீர்கள். வாக்குச்சீட்டுக் காலத்தில் எண்ணிக்கை நீண்டுகொண்டே போகும் என்பதால் முதல் நாள் அச்சானது முன்னணி நிலவரமாக இருக்கலாம். தோற்றவர் 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுக்கலாம் என்பதால், அடுத்த இரண்டு மாத இதழ்களையும் ஒரு புரட்டுப் புரட்டிவிடுவது நல்லது.

அட்டவணையை முடிக்கும்போது ஐந்தாவது காலக்கூறை '2009–2024' என்று அடைத்துவிடாமல் '2009 முதல்' என்று திறந்தே விடுங்கள். 2001இல் கொண்டுவரப்பட்ட 84ஆவது திருத்தத்தின்படி, 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரையில்தான் இடங்களின் எண்ணிக்கை உறைந்திருக்கும். அதன் பிறகு கோடுகள் மறுபடியும் நகரும் என்பதால், உங்கள் தெரு இன்று எந்தச் சட்டமன்றத் தொகுதியில், வாக்காளர் பட்டியலின் எந்தப் பாகத்தில், எந்தப் பள்ளியின் சாவடியில் இருக்கிறது என்பதைத் தேதியிட்டு அட்டவணையின் கடைசித் தாளில் எழுதி வையுங்கள்.